சொல்லாமல் போகும் வீடு

எங்கள் ஆட்கள் செத்தவீட்டிலிருந்து வெளிக்கிடும்போது "போட்டு வாறன்" என்று, அதாவது போய்விட்டு வருகிறேன் என்று, சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு அழைப்பு வைத்த மாதிரியாம். அதனால் பேசாமல் எழும்பி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் நடையைக் கட்டுவார்கள். ஒஸ்லோவிலும் அதே வழக்கம்தான். செருப்புக்குப் பதில் பனிச்சப்பாத்து. அதன் நாடாவைக் கட்டி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வீட்டில் இதுவரை யாரும் சாகவில்லை. என்னைத் தவிர அங்கே சாவதற்கு ஆளும் இல்லை. ஆனாலும் என் வீட்டுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் போகிறார்கள். தேநீரைக் குடித்துவிட்டு, "சரியக்கா" என்று இழுத்து, கதவைத் தாங்களே சாத்திக்கொண்டு மின்தூக்கிக்குள் ஏறிவிடுவார்கள். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. ஒருமுறை கவனித்த பிறகு, ஒவ்வொரு தடவையும் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டேன்.

காரணம் எனக்குத் தெரியும். இந்த நகரத்தில் எங்கள் பெண் ஒருத்தி இறந்தால் அவளுக்குச் சேலை உடுத்துகிறவள் நான்.

இதை நான் விரும்பித் தொடங்கவில்லை. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை எனக்கு. நோர்வே முதியவர்களைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றுவது அன்றாட வேலை. சில காலையில் அவர்கள் இறந்திருப்பார்கள். அப்போதும் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றுவோம். அதனால் பிணம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. கோபமுள்ள உயிருள்ளவர்களிடம் அடிவாங்கியிருக்கிறேன், பிணம் ஒருநாளும் அடித்ததில்லை.

முதல் தடவை நான் துக்கம் விசாரிக்கத்தான் போயிருந்தேன். வைத்தியசாலையின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு பிரார்த்தனை அறை இருக்கிறது, அங்கேதான் உடலை வைத்திருந்தார்கள். ஊரிலென்றால் சொந்தக்காரப் பெண்கள் ஓடி வந்து குளிப்பாட்டி உடுத்துவார்கள். இங்கே அந்தப் பெண்ணின் சகோதரிகள் ஒருத்தி கனடாவில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி ஊரில். கணவன் ஒரு கடைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பைக்குள் கூறைச்சேலை. இறுதிக்கிரியை நிறுவனத்துக்காரர் ஒரு வெள்ளை அங்கியைக் காட்டி, இதைப் போடலாமா என்று மெதுவாகக் கேட்டார். வந்திருந்த பெண்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. குளிர்ச்சட்டையைக் கழற்றி ஒரு கதிரையில் போட்டுவிட்டு அந்தப் பையை வாங்கினேன்.

படுத்திருப்பவருக்குச் சேலை உடுத்துவது வேறு வேலை. சுற்றிக் கட்ட முடியாது. கொய்யகத்தை, அந்த முன்பக்க மடிப்புகளை, முதலே மேசையில் மடித்து எடுக்க வேண்டும். சேலைச் சட்டையை முதுகுப் பக்கத்தில் நீளத்துக்கு வெட்டி முன்னாலிருந்து போட வேண்டும். நோயாளியைப் புரட்டுவதுபோல ஒருபக்கம் புரட்டி, சேலையைக் கீழே தள்ளி, மறுபக்கம் புரட்டி இழுத்தெடுக்க வேண்டும். சேலை நிற்க நான் சட்டைப்பின் குத்துவதில்லை. நூலால் தைப்பேன். செத்தவளுக்கு நோகாது என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் குத்த மனம் வராது. முதியோர் இல்லத்தில் பழகிய இன்னொரு பழக்கமும் என்னோடு வந்துவிட்டது. எதைச் செய்யுமுன்னும் வாய்விட்டுச் சொல்வேன். "இப்ப வலப்பக்கம் திருப்பப் போறன். கையைத் தூக்கப் போறன். சீப்பாலை தலை இழுக்கப் போறன்." அன்றைக்கு நான் அப்படிச் சொன்னதைக் கேட்டுத்தான் அந்தக் கணவர் அழத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. இறந்த செய்தி அந்த வீட்டுக்காரரின் சொந்தங்களுக்குப் போகுமுன் சில வேளை எனக்கு வரும். அழுதுகொண்டு கூப்பிடுவார்கள், கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். அதே வீட்டில் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வரும்போது என் தொலைபேசி பேசாது. அழைப்பு வரும், இல்லையென்று சொல்லமாட்டேன். எங்கள் வழக்கத்தில் நல்ல காரியத்துக்கு வீடு தேடி வந்து சொல்ல வேண்டும். எனக்குக் கைத்தொலைபேசியில் ஒரு படமாக வரும். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தால் நீ யார் நான் யார். நான் போகமாட்டேன். போகாமல் விட்டதற்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களும் இல்லை.

இதில் ஒருத்தியைப் பற்றி மட்டும் நான் தனியாகச் சொல்ல வேண்டும்.

அவளும் நானும் ஒரே காலத்தில் நோர்வேக்கு வந்தவர்கள். வடக்கே கடற்கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் வெட்டினோம். ஒரே அறை. சூரியன் எட்டிப் பார்க்காத அந்த மாதங்களில் இரண்டு கட்டிலையும் ஒன்றாகத் தள்ளிப் போட்டு, ஒருத்தியின் காலில் மற்றவள் காலை வைத்துச் சூடேற்றிக்கொண்டு படுப்போம். எங்கள் இரண்டுபேரிலும் மீன்மணம். வேறு யாராவது பக்கத்தில் வந்திருந்தால் ஓடியிருப்பார்கள், எங்களுக்கு அது தெரியவே இல்லை. தெற்கே ஒஸ்லோவுக்கு வந்ததும் அவளுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. கல்யாணத்தன்று அவளுக்குக் கூறை உடுத்தியது நான். அவள் கூச்சத்தில் நெளிந்துகொண்டே நின்றாள், கொய்யகம் நிற்கவில்லை, நான் பேசிய பேச்சில் அவள் சிரித்து, போட்ட பொட்டும் கரைந்தது.

எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அது வேறு கதை, இங்கே அதற்கு இடமில்லை.

அவள் கெட்டிக்காரி. மொழியைப் படித்து, வேலையில் உயர்ந்து, எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தில் மகளிர் பொறுப்பாளராக வந்தாள். அவள் மகளின் கல்யாணத்துக்கு மட்டும் நான் போனேன். அவள் வீடு தேடி வந்து சொன்னாள் என்பதால் போனேன். மண்டபத்தில் மணமக்களுக்கு அறுகரிசி போட்டு வாழ்த்தப் பெண்களைக் கூப்பிடும் நேரம் அவள் என்னிடம் வந்து, "சாப்பாட்டுப் பக்கம் ஆளில்லையடி, ஒருக்காப் போய்ப் பாக்கிறியோ?" என்றாள். போய்ப் பார்த்தேன். சாப்பாட்டுக் கடையிலிருந்து வந்த ஆட்கள் தேவைக்கு மேல் நின்றார்கள். ஒரு பையன் என்னைப் பார்த்து, "அன்ரி, என்ன வேணும்?" என்று கேட்டான். எனக்கு எல்லாம் விளங்கியது. சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கடையில் கண்டால் சிரிப்போம். அவ்வளவுதான். முப்பது வருட உறவு தக்காளி விலையைப் பற்றிய கதையாகச் சுருங்கிப்போனது.

நாங்கள் இருப்பது ஒஸ்லோவின் கிழக்குப் பள்ளத்தாக்கு. அடுக்குமாடிகள், நடுவே பழைய கற்தேவாலயம், மலையடிவாரத்தில் காடு. இங்கே ஓய்வுபெற்ற நோர்வேக்காரர்கள் ஓர் ஊர் வரலாற்றுச் சங்கம் நடத்துகிறார்கள். அவர்கள் இந்தப் பள்ளத்தாக்கின் பெண்களைப் பற்றி நூலகத்தில் ஒரு கண்காட்சி வைக்க முடிவுசெய்து, வெளியிலிருந்து வந்து குடியேறிய ஒவ்வொரு நாட்டவரிலும் ஒருத்தியைத் தேடினார்கள். எங்கள் சங்கம் ஒரு வைத்தியரைச் சொன்னது. ஆனால் இறுதிக்கிரியை நிறுவனத்துக்காரர், அந்த மனிதரும் இப்போது கிழவர், யாரையும் கேட்காமல் என்னைச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் உயரமான ஒரு நோர்வே மூதாட்டி என் வீட்டு மணியை அடித்தாள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். என் சமையலறை மேசைக்கு முன்னால் இருந்து, நான் கொடுத்த வடையைத் தின்றுகொண்டு, கேள்வி கேட்டாள். எப்படிப் புரட்டுவீர்கள், ஏன் நூலால் தைக்கிறீர்கள், யார் உங்களுக்கு உதவி. கடைசிக் கேள்விக்கு நான் சிரித்தேன். அவள் என் முகத்தைப் படமெடுத்தாள், பிறகு கைகளையும் எடுத்தாள். என் வேலையைப் பற்றி ஒருவர் இவ்வளவு நேரம் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை. அவள் போன பிறகு அந்தக் கோப்பையை உடனே கழுவ மனமில்லாமல் மேசையிலேயே விட்டிருந்தேன்.

அடுத்த கிழமை என் தோழி வந்தாள். பல வருடத்துக்குப் பிறகு என் கதிரையில் இருந்தாள். சுற்றி வளைக்கவில்லை, அது அவள் பழக்கம் இல்லை. இந்தப் பகுதியில் எங்களைப் பற்றி முதல்முதலாக ஒரு கண்காட்சிப் பலகை வருகிறது, பிள்ளைகளின் சிநேகிதர்கள் எல்லாம் பார்ப்பார்கள், அதில் பிணத்தைப் பற்றி இருந்தால் எங்களை என்ன நினைப்பார்கள் என்றாள். முதியோர் இல்லத்தில் நீ பார்த்த வேலையை எழுதலாமே, அதுவும் பெரிய சேவைதானே என்றாள். தான் அந்த மூதாட்டியோடு கதைத்துவிட்டதாகவும், என் சம்மதம் மட்டும்தான் வேண்டுமென்றும் சொன்னாள்.

என் வாய் சும்மா இருக்காத வாய். அன்றைக்கு ஏனோ அடங்கிவிட்டது. "நீ விரும்பினபடி செய்," என்றேன். அவள் எழும்பினாள். "சரியடி," என்றாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது. அவளும் சொல்லாமல்தான் போனாள். மற்றவர்கள் போனபோது வந்தது எரிச்சல். அன்றைக்கு நான் இருந்து அழுதேன்.

கண்காட்சி திறந்த நாளில் நூலகத்தில் நல்ல கூட்டம். கோப்பி, வாபிள், சின்னக் குழந்தைகளின் பாட்டு. எங்கள் ஆட்களும் பட்டுடுத்தி வந்திருந்தார்கள். என் பலகையில் என் முகம் இருந்தது, கைகள் இல்லை. கீழே இரண்டு வரி. நீண்டகாலம் முதியோர் இல்லத்தில் பணியாற்றினார். சமூகத்தில் மதிக்கப்படுபவர். இரண்டாவது வரியை வாசித்து எனக்குச் சிரிப்பு வந்தது.

பக்கத்துப் பலகையில் ஒரு பழைய கறுப்புவெள்ளைப் படம். கல்மதிலுக்கு முன்னால் தலையில் துணி கட்டிய ஒரு நோர்வேக் கிழவி, கைகளை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். இந்தப் பள்ளத்தாக்கில் பண்ணைகள் இருந்த காலத்திலும், பிறகு தொழிலாளர் குடியிருப்புகள் வந்த காலத்திலும், இறந்தவர்களைக் கழுவி உடுத்தியவள். அந்த வேலைக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல்லே இருந்திருக்கிறது. எல்லா வீட்டாரும் அவளைக் கூப்பிடுவார்களாம், பின்பக்கக் குசினிக் கதவால்தான் உள்ளே விடுவார்களாம். அவள் குடித்த கோப்பையைத் தனியே வைப்பார்களாம். அவளுக்குப் பலகை முழுக்க இடம் கொடுத்திருந்தார்கள். செத்து நூறு வருடமானால் தீட்டும் துடக்கும் கழிந்துவிடும் போலிருக்கிறது.

கடைசி வரியை நான் திரும்பவும் வாசித்தேன். அவள் இறந்தபோது அவளைக் கழுவியது யார் என்று தெரியவில்லை.

ஆசிரியை மூதாட்டி என் பக்கத்தில் வந்து நின்றாள். தேவாலயப் பதிவுகள் எல்லாம் தேடியும் அது கிடைக்கவில்லை என்றாள். பிறகு தணிந்த குரலில், ஒரே வேலை செய்தவர்கள் என்பதால்தான் உங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், ஆனால் உங்கள் பலகையில் அந்த விஷயத்தை எழுதவேண்டாம் என்று நீங்களே கேட்டதாக உங்கள் தோழி சொன்னார் என்றாள். எனக்கு அந்தக் கிழவியை விட்டுவரக் கால் எழவில்லை. அவளுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, ஒரு தோழி இருந்தாளா, கடைசியில் அந்நியர் யாராவது வந்து அவசரத்தில் ஒரு துணியைச் சுற்றிவிட்டுப் போனார்களா? அவளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பதாக எனக்குள் சொல்லிக்கொண்டேன். நான் நினைத்தது என்னைப் பற்றித்தான்.

திரும்பியபோது என் தோழியும் அந்தப் பலகையை வாசித்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். கையில் கோப்பிக் கோப்பை. கடைசி வரிக்கு வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

இலை உதிர்ந்து, முதல் பனி விழுந்த பிறகு அவள் திரும்பவும் வந்தாள். மெலிந்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. தேநீர் போடுகிறேன் என்று எழும்பினேன், இரு என்றாள். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அரக்கு நிறக் கூறை. நான் கொய்யகம் பிடித்த அதே சேலை, மடிப்பில் இழை கொஞ்சம் இற்றிருந்தது. வயிற்றுக்குள் வந்த புற்று வருத்தம் ஈரலுக்கும் போய்விட்டதாம். வைத்தியர்கள் இனி நோவுக்கு மட்டும்தான் மருந்து என்று சொல்லிவிட்டார்களாம். மகளுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லையாம்.

"நீதான் உடுத்த வேணும்," என்றாள். "வேற ஆரும் என்னைத் தொடக்கூடாது."

பிறகு, தான் நூலகத்துக்குப் போய் அந்த மூதாட்டியிடம் உண்மையைச் சொல்லிவிட்டதாகவும், பலகையை மாற்றிவிட்டார்கள் என்றும் சொன்னாள். இப்போது கைகளின் படமும் இருக்கிறதாம்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். மேசையிலிருந்த சேலையை அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.

"உனக்குத் தேவை வந்தாப் பிறகுதானே மாத்தினனீ?"

"ஓம்," என்றாள். "அப்பிடித்தான்."

"அப்ப எனக்கு ஆர் உடுத்துறது? எனக்குக் கூறையும் இல்லை, ஆளும் இல்லை. சொல்லு, எனக்கு ஆர்?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். மகள் பார்ப்பாள், சங்கம் பார்க்கும் என்று ஏதாவது சொல்லி வாயை அடைத்திருக்கலாம். "தெரியேல்லையடி," என்றாள். வாழ்க்கையில் அவள் எனக்குச் சொன்ன மிக நேர்மையான பதில் அதுவாகத்தான் இருக்கும்.

நான் தேநீர் போட்டேன். இருவரும் குடித்தோம். வடக்கே இருந்த அந்தத் தொழிற்சாலையைப் பற்றியும், ஒன்றாகத் தள்ளிப்போட்ட கட்டில்களுக்கு நடுவே அவள் விழுந்த நாளைப் பற்றியும் கொஞ்சம் கதைத்தோம். சேலை மேசையிலேயே இருந்தது, அவள் அதைத் திருப்பி எடுக்கவில்லை. சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்ட அவளால் முடியவில்லை. நான் முழங்காலில் நின்று கட்டிவிட்டேன். கதவுப் பிடியில் கை வைத்தபடி அவள் திரும்பினாள்.

"போட்டு வாறன்," என்றாள்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். மின்தூக்கி இறங்குகிற சத்தம் அடங்கும்வரை வாசலில் நின்றேன். அதற்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வரவில்லை. அவளால் வர முடியவில்லை, நான்தான் அவளிடம் போய்வந்தேன்.

பனி உருகி, நடைபாதைகளில் குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கப் போட்ட கல்லுத்தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த நாட்களில் அவள் போனாள். மகள்தான் கூப்பிட்டாள். எனக்கு அழைப்பின் முதல் மூச்சிலேயே தெரியும், அவ்வளவு தடவை கேட்ட மூச்சு. சேலைப் பையை எடுத்துக்கொண்டு சுரங்க ரயில் ஏறினேன். வண்டியில் எல்லோரும் தங்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அதே பின்பக்க அறை. பெண்கள் வழக்கம்போலச் சுவரோரம். மேசையில் கொய்யகத்தை மடித்தேன். கல்யாணத்தன்று நிற்காத கொய்யகம் அன்றைக்கு ஒரே தடவையில் நின்றது. இற்றிருந்த மடிப்பை உள்ளே போகும்படி பார்த்துக்கொண்டேன். "இப்ப வலப்பக்கம் திருப்பப் போறன்," என்றேன். "கையைத் தூக்கப் போறன். உன்ரை கை என்னடி இவ்வளவு மெலிஞ்சு போச்சு." ஊசியில் நூலைக் கோக்கக் கண் தெரியவில்லை. ஒருவரும் முன்னுக்கு வரவில்லை, நானும் கேட்கவில்லை, கடைசியில் கோத்தேன். கணவர் இருக்கிறார், அதனால் சிவப்புப் பொட்டு. அதை வைக்கும்போது, கரைஞ்சால் பிறகு நான் பொறுப்பில்லை என்று சொன்னேன். அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த பகிடி. இனி எனக்கு மட்டும் தெரிந்தது.

வேலை முடிந்ததும் நான் பேசாமல் கைகழுவி, குளிர்ச்சட்டையைப் போட்டு, ஒருவரையும் பாராமல் வெளியே போவதுதான் வழக்கம். இத்தனை வருடத்தில் இந்த வழக்கத்தை என்னைவிடச் சரியாகக் காத்தவள் யாருமில்லை. அன்றைக்கும் கைகழுவினேன், குளிர்ச்சட்டையைப் போட்டேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். முந்தானையில் இல்லாத சுருக்கம் ஒன்றை நீவிவிட்டேன்.

"எனக்கு ஆரெண்டு நீ இன்னும் சொல்லேல்லை," என்றேன்.

பிறகு, சுவரோரம் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படியாக, "போட்டு வாறன்," என்றேன்.